எட்டுப் பெட்டி, எட்டு மூடி

அத்தியாயம் ஒன்பது

ஐந்தரை மணிக்கு ரீகஸ் எழுந்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். ‘காப்பி’ என்று எழுதியிருந்த டப்பாவிலிருந்து தேயிலை எடுத்தான். ‘பீச் ஜாம்’ பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரை. ரஸ்க்கை டீயில் நனைத்து நின்றபடியே தின்றான்.

பிறகு வெளியே போய் பெரிய வண்டியின் நான்கு சக்கரங்களிலும் காற்று பார்த்தான். வண்டி எட்டு வாரமாக நகரவில்லை. காற்றும் குறையவில்லை. நேற்றும் குறையவில்லை.

ஏழு மணிக்கு மகளை எழுப்பினான். கார்லீனுக்கு எட்டு வயது. நடுவகிடு எடுத்து இரண்டு பின்னல் போட்டான். இடது பின்னல் எப்போதும் போல் தடித்துவிட்டது.

“இன்னிக்கு சனிக்கிழமைப்பா. பள்ளிக்கூடம் இல்ல. ஒத்தப் பின்னல் போதும்.”

“போட்டாச்சு.”

“அம்மான்னா அவுத்துட்டுத் திரும்பப் போடுவா.”

அவன் சீப்பில் இருந்த முடியை எடுத்துக் குப்பையில் போட்டான்.

அடுப்படி டப்பாக்களை மனைவி எல்சபே வைத்தது வைத்தபடியே விட்டிருந்தான். எந்த டப்பாவிலும் வெளியே எழுதியிருப்பது உள்ளே இருக்காது. கல்யாணமான புதிதில் அவன் அதைக் குறை சொன்னபோது, “உள்ள என்ன இருக்குன்னு என் கைக்குத் தெரியும். எழுத்து எதுக்கு?” என்றாள். அவன் படித்தது பொறியியல். பாசன வாய்க்கால்களுக்கு வரைபடம் போடுகிறவன். எழுதாத பொருள் அவனுக்குப் பொருளே இல்லை.

ஜனவரி நான்காம் தேதி, எல்லையைத் தாண்டி, கலஹாரி மணலில் கூடாரம் போட்டிருந்த இடத்தில் எல்சபேயைத் தேனீ கொட்டியது. தேனீ அவளுக்கு ஆகாது. தொடையில் குத்திக்கொள்ளும் ஊசி இரண்டு எங்கே போனாலும் கூட வரும். அன்றும் வந்திருந்தது. வெயிலில் கெட்டுவிடக்கூடாது என்று குளிர்ப்பையில் சுற்றி, வண்டியிலிருந்த எட்டுப் பெட்டிகளில் ஒன்றில் வைத்திருந்தார்கள். அதைக் கண்டெடுக்க ரீகஸுக்குப் பதினொரு நிமிஷம் ஆயிற்று. அவளுக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

“தேடினேன். கெடைக்கல.” கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சொன்னது இவ்வளவுதான்.

சொல்லாதது ஒன்று இருந்தது. எட்டும் ஒரே அச்சில் வார்த்த கறுப்புப் பெட்டிகள். பெயர்கள் மூடிகளின் மேல் எழுதப்பட்டிருந்தன. அன்று ‘மருந்து’ மூடி சோளமாவுப் பெட்டியின் மேல் இருந்தது. ‘சோளமாவு’ மூடி மருந்துப் பெட்டியின் மேல் இருந்தது. காலையில் புழுதி போக மூடிகளைக் கழற்றிக் கழுவி, துடைத்து, திரும்பப் போட்டவள் கார்லீன்.

அவளுக்கு அது தெரியாது. தெரியாமலே இருக்க வேண்டும். எட்டு வாரமாக அவன் செய்துவரும் ஒரே வேலை அதுதான்.

ஒன்பது மணிக்கு மாமனார் ஃப்லோரிஸ் வந்தார். கைமூஸ் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர். உலர்திராட்சைக்காகத் தளத்தில் பழம் காய்ந்துகொண்டிருக்கிற மாதம். மேகம் ஒன்று தலைகாட்டினாலும் ஓடி ஓடி மூட வேண்டிய மாதம். அதை விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டர் வந்திருந்தார்.

தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே சர்ச்சில் கொடுத்த அஞ்சலி அட்டை இருக்கும் என்று ரீகஸுக்குத் தெரியும். எல்சபேயின் படம். அதன் கீழே அவளுடைய கடைசி வார்த்தை: ‘கார்லீனைப் பார்த்துக்கொள்.’ சர்ச் ஆராதனைக்கு முந்தின நாள் கிழவர் கேட்டபோது ரீகஸ் சொன்ன வார்த்தை. அவரே அச்சுக்குக் கொடுத்தார்.

“டீ குடிக்கிறீங்களாப்பா?”

“வேணாம். கெளம்பு. ஈஸ்டருக்கு மூணு வாரம்தான் இருக்கு. பெட்டி இல்லாம எதுல சாமான் ஏத்துறது? கைக்குட்டையில கட்டிக்கிட்டுப் போறதா?”

ஈஸ்டர் விடுமுறையில் மூவரும் அந்த இடத்துக்குத் திரும்பப் போய் எல்சபேயின் சாம்பலைத் தூவுவது என்று போன மாதமே முடிவாகியிருந்தது. முடிவு செய்தவர் ஃப்லோரிஸ். ரீகஸ் தலையாட்டினான். பழைய எட்டுப் பெட்டிகளும் மணலில் கவிழ்த்துப் போட்டபடியே அங்கே கிடந்துபோயின. அவளை மட்டும்தான் அவன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினான். குழந்தையைப் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் பின்னால் கூட்டி வந்தார்கள்.

“நானும் வரேன் தாத்தா,” என்றாள் கார்லீன்.

“நீ வேணாம். பக்கத்து வீட்டு ஹெட்டிகிட்ட இரு,” என்றான் ரீகஸ் வேகமாக.

“அவ எதுக்கு இருக்கணும்? அவளோட அம்மா விஷயம் இது. வா செல்லம்.”

ஃப்லோரிஸ் தன் வண்டியில் முன்னே போனார். ரீகஸும் கார்லீனும் சின்னக் காரில் பின்னே போனார்கள்.

முகாம் சாமான் விற்கும் கடை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆள் உயரத்துக்குக் கயிறு, கூடாரம், தண்ணீர் டின், வண்டிக் கூரையில் கட்டும் கம்பிகள். கவனித்துக்கொண்டது அறுபது வயதைத் தொடும் ஒரு பெண். சட்டையில் ஹெஸ்டர் என்று பெயர் தைத்திருந்தது. ஊருக்குப் புதிது, கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதமாம். இவர்களைத் தெரியாது. அது நல்லதுதான் என்று ரீகஸ் நினைத்தான்.

“எத்தனை நாள் பயணம்? எத்தனை பேரு?”

“நாலு நாள். மூணு பேரு,” என்றார் ஃப்லோரிஸ்.

“அம்மாக்காரி வரலியா? அப்போ ஒரு பெட்டி குறைச்சிக்கலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. ஹெஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்துத் தட்டினாள்.

“இத எல்லாரும் முதல்ல கேப்பாங்க. உள்ள இருக்கறது வெளியவே தெரியுது, தேட வேணாம்னு. நல்லதுதான். ரெண்டு சீசன் வெயில் பட்டா போதும், அப்புறம் தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்கிடும்.”

“வேணாம்.”

“அலுமினியம் இருக்கு. பாக்க லட்சணம். அந்த வரிவரியா இருக்கற மண்ரோட்ல நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க, ஒண்ணோட ஒண்ணு உரசி கறுப்புத் தூளாக் கொட்டும். ரொட்டியில மிளகுத்தூள் போடற செலவு மிச்சம்.”

இதற்கு ஃப்லோரிஸ் லேசாக மூக்கால் சிரித்தார். “எங்கப்பா மரப்பெட்டியில ஏத்திக்கிட்டு அங்கோலா வரைக்கும் போய்ட்டு வந்தாரு.”

“அவரு முதுகு திரும்பி வந்துச்சாங்க, ஐயா? காலிப் பெட்டியே அரை மூட்டை கனம் இருக்குமே.” ஹெஸ்டர் கறுப்புப் பெட்டி ஒன்றைக் காலால் இழுத்து நடுவில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். “இந்தாங்க. என்னையே தாங்குது, உங்க சட்டிபானையத் தாங்காதா? உள்ள புழுதி போகாது. ஒண்ணு மேல ஒண்ணு பூட்டுன மாதிரி உக்காரும். பத்து வண்டிக்கு ஒம்பது வண்டியில இதான்.”

ரீகஸ் அந்தப் பெட்டியைப் பார்த்தான். அதே அச்சு.

நவம்பரில் எல்சபேயின் பிறந்தநாளுக்கு இதே பெட்டி எட்டு வாங்கி வந்திருந்தான். டேப் வைத்து வண்டியின் பின்பக்கத்தை அளந்து, இரண்டு வரிசையில் நான்கு நான்காக, விரல் நுழைய இடைவெளி இல்லாமல். அதுவரை அவளுடைய சாமான்கள் கண்டதிலும் கிடந்தன. மருந்துக்குப் பச்சை நிற ராணுவ இரும்புப் பெட்டி. மாவுக்குப் பால்பவுடர் டின். பாத்திரங்களுக்கு ஆப்பிள் பெட்டி. கயிறும் கூடார முளையும் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சூட்கேஸில். வண்டி ஓடினால் எல்லாம் தனித்தனிக் குரலில் கத்தும். ஆனால் கேட்ட பொருளைத் திரும்பிப் பார்க்காமலே கைவிட்டு எடுத்துக் கொடுப்பாள்.

புதுப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே மூஞ்சி, ரீகஸ்,” என்றாள்.

“அதனாலதான் பேர் எழுதணும்ங்கறேன். மூடி மேல எழுது. பின்கதவத் தெறந்தா மேல இருந்தே படிக்கலாம்.”

எழுதினாள். வெள்ளைப் பெயிண்டில், அழகான எழுத்தில். எழுதின இடம் அவன் சொன்ன இடம்.

“நீதான அளக்கறவன்,” என்றார் ஃப்லோரிஸ். “வாயத் தெறந்து சொல்லு. இது போதுமா?”

“இது வேணாம்பா.”

“ஏன்?”

“வேணாம்.”

“காரணம் இல்லாம வேணாம்ங்கற ஆள் இல்லியே நீ.”

ஹெஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விற்பனை நழுவுகிறதென்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து மூடியைக் கழற்றி, பக்கத்திலிருந்த இன்னொரு பெட்டியில் பொருத்திக் காட்டினாள். “இங்க பாருங்க. ஒண்ணோட மூடி இன்னொண்ணுக்குச் சேரும். மூடி ஒடஞ்சா பெட்டியே போச்சுன்னு இல்ல. மூடி மட்டும் தனியா வாங்கிக்கலாம்.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் கார்லீன்.

ரீகஸின் கை அவள் தோளைத் தேடியது. அவள் அதற்குள் ஒரு அடி முன்னால் போயிருந்தாள். தெரிந்த விஷயம் ஒன்றைப் பெரியவர்கள் பேசும்போது குழந்தைக்கு வரும் பெருமை முகத்தில்.

“எங்ககிட்ட இதே மாதிரி எட்டு இருந்துச்சு ஆன்ட்டி. நான்தான் எல்லா மூடியையும் கழட்டிக் கழுவினேன். அப்புறம் நானே போட்டேன். எத எதுல போட்டாலும் டக்குன்னு சேந்துக்கிச்சு.”

“கெட்டிக்காரி. பேரு எங்க எழுதியிருந்தீங்க? ஒடம்புலயா மூடியிலயா?”

“மூடியில. அம்மா எழுத்து.”

“கார்லீன், வெளிய போய் கார்ல உக்காரு,” என்றான் ரீகஸ்.

ஹெஸ்டர் சிரித்துக்கொண்டே கார்லீனின் தடித்த பின்னலை இழுத்தாள். “அதான் கண்ணு எல்லாரும் பண்ற தப்பு. மூடி கழண்டு போறது. பேர பெட்டியோட ஒடம்புல எழுதணும், நாலு பக்கமும். அன்னிக்கு உங்கம்மா உப்பத் தேடி சர்க்கரையப் போட்டிருப்பா, போ.”

கடையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு முறை இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் போயிற்று.

கார்லீனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் எதையோ எண்ணத் தொடங்கின. ஃப்லோரிஸ் மெதுவாகத் திரும்பினார். மருமகனைப் பார்த்தார், பேத்தியைப் பார்க்கவில்லை.

“மூடி போட்டது நான்,” என்றான் ரீகஸ். “அவ கழுவினா. அவ்ளோதான். கழுவி வெச்சிட்டு வெளையாடப் போயிட்டா. எடுத்துப் போட்டது நான். பாக்காமப் போட்டுட்டேன்.”

“எந்த மூடி?” என்றார் ஃப்லோரிஸ்.

“வெளிய போய்ப் பேசலாம்பா.”

“எந்த மூடிடா?”

“மருந்து.”

ஹெஸ்டருக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது. கையிலிருந்த மூடியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். “நான் என்ன சொல்லிட்டேன்,” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

கார்லீன் காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கடைக்கு வெளியே வேப்பமரம் போல ஒரு மரம்; அதன் நிழலில் இருவரும் நின்றார்கள். ஃப்லோரிஸ் அடிப்பார் என்று ரீகஸ் எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவர் அடிக்கவில்லை. பையிலிருந்து அட்டையை எடுத்தார். வேர்வையில் அதன் ஓரம் மெத்தென்று ஆகியிருந்தது.

“எட்டு வாரமா என் மண்டையில ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். என் பொண்ணு சாமான் வெக்கிற எடம் தெரியாதவளா? ஆறு வயசுலயே எங்க வீட்டு ஆணி டப்பா எங்கன்னு அவதான் சொல்லுவா. அவளுக்கு ஊசி எங்க இருக்குன்னு தெரியாமப் போச்சா?”

“பா...”

“இரு. இங்க என்ன போட்டிருக்கு? ‘கார்லீனைப் பார்த்துக்கொள்.’ பேசத் தெம்பு இருந்திருக்கு. இவ்ளோ சொல்ல முடிஞ்சவ, ஊசி அங்க இருக்குன்னு சொல்லலியா? கைய நீட்டிக் காட்டலியா?”

பாலத்தின் மேல் ஒரு லாரி போயிற்று. அது போய் முடிகிறவரை இருவரும் காத்திருந்தார்கள்.

“மூடி மாறினது தப்பு. யார் கையாலயும் நடக்கும். அதுக்காக உன்ன நான் வெறுத்திட மாட்டேன்,” என்றார் ஃப்லோரிஸ். “ஆனா நீ எங்கிட்ட ஒரு பொய்யக் குடுத்து அச்சடிக்க வெச்சிருந்தா, அது வேற. சொல்லு. அவ என்ன சொன்னா?”

ரீகஸ் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் காரில் உட்கார்ந்திருந்தது. மூடினான்.

ஃப்லோரிஸ் அட்டையைப் பைக்குள் திருப்பி வைத்துவிட்டுக் கடைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய ராணுவ இரும்புப் பெட்டி. பச்சை. மூலைகளில் பெயிண்ட் உரிந்திருந்தது.

“இது மாதிரி அவகிட்ட ஒண்ணு இருந்துச்சே. எங்க அது?”

“சர்ச் சந்தையில விக்கறதுக்குக் குடுத்துட்டேன்.”

“யாரு குடுக்கச் சொன்னது?”

“நானா குடுத்தேன். அதோட ஆணியில மாட்டி கூடாரம் கிழிஞ்சுது.”

அவர் பெட்டியைத் தன் வண்டியின் முன் இருக்கையில் வைத்தார், ஆள் உட்காருகிற இடத்தில்.

“எனக்கு இது ஒண்ணு போதும். இதுல ஒண்ணே ஒண்ணுதான் வெக்கப் போறேன். பேர் எழுத வேணாம்.” கதவைத் திறந்தார். “ஈஸ்டருக்கு நீ வராத. நான் கொண்டு போறேன். வரணும்னு தோணுச்சுன்னா, மொதல்ல என் வீட்டுக்கு வந்து, அவ என்ன சொன்னான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு அப்புறம் வா.”

“குழந்தைய...”

“அவளக் கூட்டிட்டுப் போவேன். அவ என்ன பண்ணா பாவம்.”

வண்டி கிளம்பிப் போயிற்று. புழுதி அடங்க நேரம் பிடித்தது.

ரீகஸ் காரில் ஏறினான். கார்லீன் பின்சீட்டில் இரண்டு பின்னல்களையும் அவிழ்த்திருந்தாள். முடி முகத்தை மறைத்தது.

பாலம் தாண்டினார்கள். இரண்டு பக்கமும் தோட்டங்கள், தளங்களில் பழுப்பு நிறத்தில் திராட்சை. எங்கும் அந்தத் தித்திப்பு வாசனை. அவன் கண்ணாடியை ஏற்றினான்.

“அப்பா.”

“ம்.”

“நீ மூடி போடல.”

“நான்தான் போட்டேன். ஒனக்கு ஞாபகம் இல்ல.”

“நீ வண்டிக்கு அடியில இருந்த. ஸ்பிரிங் பட்டைய முடுக்கிட்டிருந்த. உன் காலு ரெண்டும் வெளிய தெரிஞ்சுது. நான் கடைசி மூடியப் போட்டுட்டு உன் கால்ல தண்ணி ஊத்தினேன். நீ கத்தின.”

அவன் கத்தியது உண்மை. எல்சபே சிரித்ததும் உண்மை. சிந்திய தண்ணீரைத் தேடித்தான் மத்தியானம் தேனீக்கள் வந்தன. அதை மட்டும் குழந்தை இன்னும் சேர்த்துப் பார்க்கவில்லை.

“அது வேற நாள்.”

“வேற நாள் இல்ல.” குரலில் அழுகை இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. “அன்னிக்கு நான் பக்கத்துக் கூடாரத்துல தர்பூசணி சாப்ட்டுட்டிருந்தேன். அம்மா சொன்னது எனக்குக் கேக்கல. அட்டையில போட்டிருக்கறத அம்மா சொல்லலதானே?”

“எதுக்குக் கேக்கற?”

“அம்மா என்னப் பாத்துக்கன்னு ஒங்கிட்ட சொல்லமாட்டா. ‘நீ ஏன் சொல்ற, நான் பாத்துக்கமாட்டேனா’ன்னு நீ சண்டை போடுவ, அதனால.” முகத்திலிருந்து முடியை ஒதுக்கினாள். “நெஜமா என்ன சொன்னா?”

வீடு வந்துவிட்டது. அவன் எஞ்சினை நிறுத்தினான். இறங்கவில்லை. அவளும் இறங்கவில்லை. எதிரே பெரிய வண்டி நான்கு சக்கரத்திலும் காற்றோடு நின்றுகொண்டிருந்தது.

அன்று ‘மருந்து’ என்ற மூடியைத்தான் முதலில் திறந்தான். சோளமாவு. மேலே இரண்டு விரல் பதிந்த தடம். மூடி போட்ட பிறகு கஞ்சிக்கு அவள் அள்ளியது. கீழே குளிர்ப்பை புதைந்திருக்கும் என்று மாவை மணலில் கொட்டிக் கையால் அளைந்தான். பிறகு ‘பாத்திரம்’. பிறகு ‘கயிறு’. பிறகு ‘துணி’. ஒவ்வொன்றாக, அவன் எழுதச் சொன்ன பெயர்களைப் படித்துப் படித்து, மருந்து இருக்கக்கூடிய வரிசையில் கவிழ்த்தான். சோளமாவு என்று எழுதியிருந்ததைக் கடைசிக்கு ஒதுக்கினான். மாவில் யார் மருந்து வைப்பார்கள்.

மாவு அள்ளும்போதே மூடி மாறியதை அவள் பார்த்திருக்கிறாள். குழந்தை ஆசையாகப் போட்டது, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். உள்ளே இருப்பது அவள் கைக்குத்தான் தெரியுமே.

சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கி, மூச்சு விசிலடித்தது. பயம் இல்லாத குரலில், அடுப்படியிலிருந்து கூப்பிடுவது போல அவள் ஒன்று சொன்னாள். உளறுகிறாள் என்று அவன் நினைத்தான். “பேசாத,” என்று அதட்டினான். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

“அப்பா. சொல்லு.”

அன்று எல்சபே சொன்னது இதுதான்:

“சோளமாவுப் பெட்டியத் தெற, ரீகஸ்.”